சொதிக்கு வந்த சீமைத்தினை

தூத்துக்குடியின் பெரிய பலசரக்குக் கடைகளில் ஓட்ஸ் பொட்டலங்களுக்கு அருகே கினோவாவும் இப்போது நிரந்தர இடம் பிடித்துவிட்டது. மருத்துவர் சொன்னார், அமெரிக்காவில் இருக்கும் மகள் சொன்னாள், காணொலியில் பார்த்தோம் என்று பல காரணங்களைச் சொல்லி வாங்குகிறார்கள். வாங்கியவர்களில் பலர் ஒருமுறை சமைத்துவிட்டு மறுமுறை அந்தப் பொட்டலத்தைத் தொடுவதில்லை. ஏன் என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும்: கசக்கிறது, குழைந்துவிடுகிறது, சுவையென்று ஒன்றும் தெரியவில்லை. இம்மூன்றும் தானியத்தின் குற்றங்கள் அல்ல. சமைத்த முறையின் குற்றங்கள். எளிதாகத் திருத்திக்கொள்ளக் கூடியவை.

மேலைநாட்டுச் சமையல் நூல்களில் கினோவாவுக்கு 'ஆசியச் சுவை' ஏற்றுவது ஒரு வழக்கமாகிவிட்டது. தேங்காய்ப்பால், இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் மீன்சாறு என்று பட்டியல் நீளும். முத்துக்குளித்துறைக் கரையில் வாழும் எவருக்கும் இந்தப் பட்டியலைக் கண்டால் சிரிப்பு வர வேண்டும். மீன்சாற்றை நீக்கினால் இது சொதியின் பட்டியல். மீன்சாற்றின் இடத்தில் மாசிக் கருவாட்டை வைத்தால் மாசிச் சம்பலின் பட்டியல். நம் அடுக்களையில் இருப்பதைத்தான் வெளியூர் சமையல் குறிப்பு நமக்கே கற்றுத்தருகிறது. ஆகவே கினோவாவை இக்கரையின் முறையில் சமைப்பது எப்படி என்பதை முதலிலும், அதற்கு நாம் கொடுக்கும் விலை தகுமா என்பதைப் பின்னரும் பார்க்கலாம். இரண்டாவது கேள்வியை ஒரு பொருளியல் ஆசிரியன் விட்டுவிட முடியாது.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். நெல், சோளம், கம்பு, தினை, குதிரைவாலி ஆகியவை புல் குடும்பத்தைச் சேர்ந்தவை. கினோவா கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் அதற்கு உறவு. சக்கரவர்த்திக் கீரையோ ஒரே பேரினம், அதாவது பங்காளி. தூத்துக்குடி உப்பளங்களின் ஓரத்தில் தானாக முளைத்துச் சிவந்து கிடக்கும் உமரியும் இக்குடும்பத்துச் செடியே. அந்தச் செடியின் பெயரை ஏரல் பக்கத்து உமரிக்காடு என்னும் ஊர் இன்றும் தாங்கி நிற்கிறது. உப்பைத் தாங்கும் குணம் இந்த உறவுமுறையில் கினோவாவுக்கும் உண்டு. தென் அமெரிக்காவில், கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பொலிவியாவின் உயுனி உப்புச் சமவெளியைச் சுற்றியுள்ள நிலங்களில்தான் மிகச் சிறந்ததெனப் போற்றப்படும் 'அரசக் கினோவா' விளைகிறது. துபாயில் இயங்கும் பன்னாட்டு உவர்நில வேளாண்மை மையம் இப்பயிரில் ஆர்வம் காட்டுவதற்கும் இதுவே காரணம். உப்பளம் நிறைந்த நம் மாவட்டத்திலும் விளையுமே என்று உடனே கணக்குப் போட்டுவிட வேண்டாம். பூக்கும் பருவத்தில் கடும் வெப்பத்தை இப்பயிர் தாங்குவதில்லை. இந்தியாவில் ஆந்திரத்தின் அனந்தபூர் போன்ற இடங்களிலும் ராஜஸ்தானிலும் இதைக் குளிர்காலப் பயிராகவே முயன்றிருக்கிறார்கள்.

தமிழில் சிலர் இதற்குச் 'சீமைத்தினை' என்று பெயரிட்டிருக்கிறார்கள். தாவரவியலார் இதை ஏற்க மாட்டார்கள். எனக்கோ அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து வந்ததற்கு நமக்குத் தெரிந்த ஒரு பொருளின் பெயரைச் சூட்டி உள்ளே அழைத்துக்கொள்வது தமிழின் பழைய வழக்கம். மிளகின் இடத்துக்கு வந்தது மிளகாய் ஆனது. பறங்கியர் காலத்தில் வந்தது பறங்கிக்காய் ஆனது.

கசப்புக்குக் காரணம், விதையின் மேல்தோலில் படிந்திருக்கும் சப்போனின் என்னும் பொருள். பூந்திக்கொட்டையை நீரில் தேய்த்தால் நுரை வருகிறதே, அதே வகைப் பொருள்தான். பறவைகள் கொத்தாமல் செடி தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆலையில் கழுவி வந்தது என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தாலும் வீட்டில் ஒருமுறை கழுவுவதே நல்லது. அரிசியைப் போலக் களைந்து நீரை வடித்தால் பாதி விதை நீரோடு போய்விடும்; அவ்வளவு சிறியது. கண் நெருங்கிய வடிகட்டியிலோ மெல்லிய வேட்டித் துணியிலோ இட்டு, குழாய் நீருக்கடியில் விரல்களால் தேய்த்து, நுரை நிற்கும்வரை அலச வேண்டும். நீண்ட நேரம் ஊறவைக்கத் தேவையில்லை.

நீரை முற்றிலும் வடித்த பிறகு, அடிகனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் ஊற்றி, விதையை இரண்டு மூன்று நிமிடம் வறுக்கலாம். பொரிகடலை போன்ற ஒரு மணம் எழும்பும்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு தம்ளர் கினோவாவுக்கு ஒன்றே முக்கால் தம்ளர் தண்ணீர் போதும். இரண்டு தம்ளர் ஊற்றினால் கொஞ்சம் குழையும். மூன்று ஊற்றினால் கஞ்சி. உப்பு இட்டுக் கொதித்ததும் தீயைத் தாழ்த்தி, மூடி, பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேகவிட வேண்டும். விதையைச் சுற்றியிருக்கும் வெண்ணிற முளை, மெல்லிய மோதிரம் போலக் கழன்று சுருளும். அதுவே வெந்ததன் அடையாளம். அடுப்பை அணைத்த பிறகு மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுவதைப் பலர் செய்வதில்லை. உதிரியாக வருவதும் களியாவதும் இந்தப் பத்து நிமிடத்தைப் பொறுத்தது. பிரஷர் குக்கரில் வைப்பவர்கள் ஒரு விசிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு தம்ளர் விதை வெந்தால் ஏறத்தாழ மூன்று தம்ளராகும் என்பதால், அரிசி வைக்கும் அளவில் வைத்தால் மீந்துபோகும்.

இனி அதற்குச் சேர்க்கை. இக்கரைக்கு வெளிநாட்டுப் பண்டம் ஒன்றும் புதிதல்ல. 1530களில் பரதவர்களோடு போர்ச்சுகீசியர் உறவு கொண்ட பிறகு, 1658இல் டச்சுக்காரர் வந்த பிறகு, அதற்கெல்லாம் முன்பே அரபுக் கப்பல்கள் வந்துபோன காயலில், அந்நியப் பண்டங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கவனித்தால் ஒரு முறை புலப்படும். தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்வோம். போர்ச்சுகீசியர் வழி வந்தது என்பது ஊர் வழக்கு. ஐரோப்பிய மக்ரூன் பாதாம் பருப்பால் ஆனது. இங்கே பாதாமின் இடத்தை அண்டிப்பருப்பு எடுத்துக்கொண்டது. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரத்தின் கொட்டைதான் என்றாலும், நம் தேரி மணலில் அது ஊர்மரமாகிவிட்டது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, அண்டிப்பருப்பு என்று மூன்றே பொருளில் செய்யும் பண்டம் இன்று ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கீழக்கரைத் தொதலும் அப்படியே. மலாய்த் தீவுகளின் 'டோடோல்' இங்கே கருப்பட்டியையும் தேங்காய்ப்பாலையும் ஏற்றுத் தொதலாயிற்று. காயல்பட்டினத்து வட்டலப்பமும் அக்கடல் வழி உறவின் எச்சம். முறை இதுதான்: வந்த பண்டம் தன் பெயரையும் வடிவத்தையும் ஓரளவு வைத்துக்கொள்ளும், சுவையையும் உட்பொருளையும் ஊர் கொடுக்கும்.

இந்த முறைப்படி கினோவாவுக்கு முதலில் பொருந்துவது சொதி. ஈழத்தில் இடியாப்பத்துக்கு ஊற்றும் நீர்த்த சொதிக்கும், நெல்லைச் சீமையில் திருமணத்தின் மறுநாள் மறுவீட்டு விருந்தில் இடம்பெறும் கெட்டியான சொதிக்கும் உறவுண்டு. பின்னதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெரிய தேங்காயைத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். முதல் பாலைத் தனியே வைத்துவிடலாம். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி ஆகியவற்றை வேகவைக்க வேண்டும். முக்கால் வேக்காட்டில் இரண்டாம் பாலையும், குழைய வெந்த ஒரு கைப்பிடிப் பாசிப்பருப்பையும், பச்சை மிளகாயும் இஞ்சியும் சேர்த்து அரைத்த விழுதையும் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். மஞ்சள்தூள் போடுவதில்லை, சொதியின் நிறம் வெண்மை. முதல் பாலை ஊற்றி ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகே பிழிய வேண்டும். தேங்காயெண்ணெயில் சீரகம், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

கினோவாவுக்கு இது பொருந்துவதன் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு கழுவினாலும் அதில் பச்சிலை போன்ற ஒரு மெல்லிய வாடை மிஞ்சும். கீரைக் குடும்பம் அல்லவா. தேங்காய்ப்பாலின் கொழுப்பு அந்த வாடையை மூடுகிறது. இஞ்சியின் காரமும் எலுமிச்சையின் புளிப்பும் நாவை வேறு பக்கம் திருப்புகின்றன. உதிரியாக வெந்த விதை, அரிசிச் சோற்றைவிட மெதுவாகச் சொதியை உறிஞ்சுவதால், உண்டு முடிக்கும்வரை குழைவதில்லை. சொதிக்குத் துணையாக வழக்கமாக வரும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இங்கும் வேண்டும். பச்சடியில் சேரும் புளியும் வெல்லமும் எஞ்சிய கசப்பைத் தீர்த்துவிடும். சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டவர்கள்தாம் 'சுவை தெரியவில்லை' என்று குறைகூறுபவர்கள் என்பது என் ஊகம். துவரம்பருப்பின் அடர்த்தியில் இவ்வளவு சிறிய விதை மூழ்கிப்போகிறது. கினோவாவில் பிரியாணி செய்யும் முயற்சிகளைப் பற்றி நான் ஏதும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

அசைவம் உண்பவர்களுக்கு இரண்டாவது வழி மாசி. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்து மரக்கட்டை போல் ஆக்குவதே மாசிக் கருவாடு. மாலத்தீவும் மினிக்காயும் இதற்குப் பேர்போனவை. தூத்துக்குடித் தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் சென்றுவரும் தடத்தில் மாசிக்கும் நெடுநாள் இடமுண்டு. இதே சூரை மீனை ஏறத்தாழ இதே முறையில் பதப்படுத்தி ஜப்பானியர் 'கட்சுவோபுஷி' என்கிறார்கள். அவர்களுடைய குழம்புகளுக்கெல்லாம் அடிப்படையான சாறு அதைச் சீவிப் போட்டு எடுப்பதுதான். 1913இல் ஷிண்டாரோ கொடாமா என்னும் ஜப்பானிய அறிவியலாளர் அந்தக் கருவாட்டின் தனிச்சுவைக்குக் காரணமான இனோசினேட் என்னும் பொருளைக் கண்டறிந்தார். இன்று உலகச் சமையல் மேடைகளில் 'உமாமி' என்று வியந்து பேசப்படும் சுவையில் ஒரு பங்கு இதுவே. நம் வீட்டு உறியில் தொங்கிய மாசித் துண்டிலும் அதே பொருள்தான் இருந்தது. நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாசிச் சம்பலுக்கு, ஒரு விரல் நீள மாசித் துண்டை உரலில் இடித்துத் தூளாக்க வேண்டும். மிக்ஸியில் முழுத்துண்டாகப் போட்டால் பிளேடு உடையும். வறுத்த நான்கு வற்றல் மிளகாயையும் உப்பையும் அம்மியில் நுணுக்கி, அரை மூடித் தேங்காய்த் துருவல், பத்துச் சின்ன வெங்காயம், மாசித் தூள் ஆகியவற்றைச் சேர்த்து, விழுதாகாமல் ஒன்றிரண்டாகத் தட்டி எடுக்க வேண்டும். மேலே எலுமிச்சை பிழிந்து, சுடச்சுட இருக்கும் உதிரிக் கினோவாவில் பிசைந்தால், தேங்காய்ப்பாலோ குழம்போ வேண்டியதில்லை. மாசியில் உப்பு ஏறியிருக்கும் என்பதால் கினோவாவை உப்பில்லாமல் வேகவைப்பது நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இனிப்புக்கு, குழைய வெந்த கினோவாவில் உடன்குடிக் கருப்பட்டிப் பாகும் இரண்டாம் பாலும் ஊற்றி, இறக்கும்போது முதல் பால் சேர்த்தால் பாயசம். சுக்கும் ஏலமும் வேண்டும். கருப்பட்டியின் கருகல் மணத்துக்கு இந்த விதை நன்றாக ஒத்துப்போகிறது.

இவற்றைச் செய்து பார்க்கும் எவரும் ஒன்றைக் கவனிப்பார்கள். தட்டில் விரும்பி உண்டது சொதியும் சம்பலும். கினோவா அவற்றைத் தாங்கிய தரை. அந்தத் தரையை மாற்றிப் பார்த்தால் என்ன? சாமை அரிசியிலும் குதிரைவாலி அரிசியிலும் இதே சொதியை ஊற்றினால் சுவை குறையவில்லை. குறைகிறது என்பவர் பழக்கத்தைச் சொல்கிறார் என்றே நினைக்கிறேன். ஐரோப்பியப் பாதாமின் இடத்தில் அண்டிப்பருப்பை வைத்த ஊருக்கு இது பெரிய துணிச்சல் அல்ல.

சத்து குறையுமே என்பது அடுத்த கேள்வி. கினோவாவின் புகழ் அதன் புரதத்தால் வந்தது. 100 கிராமில் ஏறத்தாழ 14 கிராம் புரதம் உண்டு. புல்லினத் தானியங்களில் குறைவாக இருக்கும் லைசின் என்னும் அமினோ அமிலம் அதில் நல்ல அளவில் இருக்கிறது. இவை உண்மை. ஆனால் தமிழர் எவரும் தானியத்தைத் தனியே உண்பதில்லை, பருப்போடு உண்கிறோம். பருப்பில் லைசின் மிகுதி. ஒரு சிறு கணக்குப் போடலாம். கம்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 11 கிராம் புரதம், பாசிப்பருப்பில் ஏறத்தாழ 24 கிராம். 75 கிராம் கம்பும் 25 கிராம் பாசிப்பருப்பும் சேர்ந்தால் 14 கிராம் புரதம் வந்துவிடுகிறது. அது கினோவாவின் அளவேதான். சாமையில் ஏறத்தாழ 10 கிராம். அதே விகிதத்தில் சேர்த்தால் பதின்மூன்றரை. குதிரைவாலிக்கு மட்டும் அட்டவணைக்கு அட்டவணை 6 முதல் 11 கிராம் வரை வேறுபாடு காணப்படுகிறது. கீழ்மட்ட அளவையே எடுத்துக்கொண்டு, பருப்பை மூன்றில் ஒரு பங்காக்கினால் 12 கிராம் கிடைக்கும். சொதியில் பாசிப்பருப்பு ஏன் இருக்கிறது என்பதற்கு ஊட்டச்சத்து நூலின் விளக்கம் இதுதான். பாட்டிமார்கள் நூல் படித்துச் சேர்க்கவில்லை.

விலை கடைக்குக் கடை மாறும். ஆகவே நான் ஒரு தொகையைச் சொல்லப்போவதில்லை. வாசகரே தம் கடைச் சீட்டை வைத்துக் கணக்கிடலாம். ஒரு கிலோ கினோவாவின் விலையை 140ஆல் வகுத்தால் ஒரு கிராம் புரதத்தின் விலை கிடைக்கும். முக்கால் கிலோ கம்பு, கால் கிலோ பாசிப்பருப்பு ஆகியவற்றின் விலையைக் கூட்டி அதையும் 140ஆல் வகுத்தால் மற்றொரு விலை கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எதற்கான கட்டணம்? பயணச் செலவுக்கு ஒரு பகுதி, மிஞ்சியது பெயருக்கு.

அந்தப் பெயரின் வரலாறும் அறியத்தக்கது. பொலிவியாவின் முயற்சியால் 2013ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுக் கினோவா ஆண்டாக அறிவித்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளிலேயே விலை ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது. மேலைநாட்டார் வாங்குவதால் ஆண்டிஸ் மலையின் ஏழைகளுக்கே கினோவா எட்டாக்கனியாகிவிட்டது என்று பத்திரிகைகள் அப்போது எழுதின. வருந்தத்தக்க செய்தி, ஆனால் முழு உண்மையன்று. பெரு நாட்டுக் குடும்பச் செலவுத் தரவுகளை ஆராய்ந்து மார்க் பெல்மேரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட கட்டுரை, விலை உயர்ந்த காலத்தில் அப்பகுதிக் குடும்பங்களின் நல்வாழ்வு சற்றே உயர்ந்தது என்று காட்டியது. துயரம் பின்னால் வந்தது. பெருவின் கடலோரச் சமவெளிகளிலும் பிற நாடுகளிலும் சாகுபடி பெருகியதும், 2015 வாக்கில் விலை சரிந்தது. விலையை நம்பித் தரிசு விடும் காலத்தைக் குறைத்து, லாமா மேய்த்த நிலத்தையும் உழுதிருந்த மலை உழவர்களுக்கு, தேய்ந்த மண்ணும் குறைந்த வருவாயும் மிஞ்சின. முத்துக்குளித்துறைக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து இயற்கை முத்தின் விலையைச் சாய்த்ததும், 1961க்குப் பின் மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் முத்துக்குளிப்பே நின்றுபோனதும், 1973இல் இதே தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியதும் இங்கே நடந்தவை.

துறைமுகத்திலிருந்து வடமேற்கே ஒன்றரை மணிநேரம் சென்றால் கரிசல் காடு. எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், கோவில்பட்டி வட்டாரங்களில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழையை நம்பி, அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பதை நம்பி, மானாவாரியாகக் குதிரைவாலியும் கம்பும் சோளமும் விளைந்த மண் அது. 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே ரகங்களை உருவாக்கியது. கடந்த இருபது ஆண்டுகளில் அங்கே பெரும் பரப்பை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. அதுவும் அமெரிக்கத் தானியம்தான்; ஆனால் விளைவதில் பெரும்பகுதி நம் தட்டுக்கு வருவதில்லை, கோழித்தீவனத்துக்குப் போகிறது. 2018இல் அமெரிக்கப் படைப்புழு வந்து அப்பயிரைச் சூறையாடியபோது, ஒரே பயிரை நம்பியதன் விலையைக் கரிசல் உழவர்கள் கொடுத்தார்கள். அப்போதும் பெரும்பாலோர் குதிரைவாலிக்குத் திரும்பவில்லை. அவர்களைக் குறைசொல்ல இயலாது.

காரணம் உமியில் இருக்கிறது. ஆண்டிஸ் பெண்கள் கினோவாவின் கசப்புத் தோலை நீக்கக் கற்குழிகளில் காலால் மிதித்துத் தேய்த்தார்கள். நம் பெண்கள் குதிரைவாலியை உரலில் இட்டு உலக்கையால் குத்தினார்கள். இரண்டும் உடலை முறிக்கும் வேலைகள். அங்கே ஏற்றுமதி வணிகம் வளர்ந்தபோது தோல் நீக்கும் இயந்திரங்கள் வந்தன, பயிர் தழைத்தது. இங்கே இயந்திரம் வருமுன் நியாயவிலைக் கடை அரிசி வந்தது. உலக்கையைப் போட்ட பெண் அதை மீண்டும் எடுக்க வேண்டும் என்று எவரும் சொல்லக் கூடாது. 2023இல் தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது நல்ல முயற்சி. கேழ்வரகை அப்படியே அரைத்து மாவாக்கலாம் என்பதால் அது எளிதாயிற்று. குதிரைவாலிக்கும் சாமைக்கும் வரகுக்கும் அந்த வசதி இல்லை. இறுகிய உமியை நீக்காமல் உண்ண முடியாது. நீக்கும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கழிந்துவிடும். உழவர் முழுத்தானியமாக விற்கும் விலைக்கும் நகரத்துக் கடையில் குதிரைவாலி அரிசிக்கு நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில், உமி நீக்கும் செலவும் அதற்காகத் தானியம் ஊர்விட்டு ஊர் போய்வரும் வண்டிச் சத்தமும் அடங்கியிருக்கின்றன. அந்த இடைவெளி குறைந்தால் உழவருக்கும் கூடுதலாகக் கிடைக்கும், வாங்குபவருக்கும் விலை இறங்கும். அதற்கு வேண்டியது புதூரிலோ விளாத்திகுளத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நடத்தக்கூடிய சிறு உமிநீக்கும் ஆலைகள். அவற்றுக்கு ஆண்டு முழுவதும் வேலை தரும் அளவுக்கு உறுதியான உள்ளூர்த் தேவை.

அந்தத் தேவை வீட்டு அடுக்களையிலிருந்து மட்டும் பிறக்கும் என்று நான் நம்பவில்லை. கல்லூரி விடுதிகள், ஆலை உணவகங்கள், திருமணச் சமையல் ஒப்பந்தக்காரர்கள் ஆகியோரே அளவாக, முன்கூட்டியே, தொடர்ந்து வாங்கக் கூடியவர்கள். மறுவீட்டு விருந்தில் சொதிக்கு அரிசிச் சோற்றோடு குதிரைவாலிச் சோற்றையும் ஒரு கை பரிமாறச் சொல்லலாம். குதிரைவாலி அரிசியைக் கால் மணிநேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீரில் வேகவைத்து, கினோவாவுக்குச் சொன்னது போலப் பத்து நிமிடம் மூடி வைத்தால் உதிரியாக வரும். புரட்டாசி மழைக்கு விதைத்தது மார்கழிக்குள் களத்துக்கு வந்துவிடும். தை மாத முகூர்த்தங்களுக்கு வேண்டியதை ஒப்பந்தக்காரர்கள் ஐப்பசியிலேயே விலைபேசி வைத்துக்கொள்ளலாம்.